தின்கிற கணக்கில் வராதது

மாணிக்கத்துக்கு வலது பக்கம் கடித்தால் வலி. கடித்து வாயைத் திறக்கும்போது சுரீரென்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான். மறு நிமிடம் ஒன்றுமிருக்காது. ஒன்றரை வருடமாக இப்படி.

முள்ளுக்குறிச்சியில் கோகிலவாணி வைத்திருந்த பல் மருத்துவமனைக்குத் தை கடைசியில் அவர் முதல்முறையாக வந்தார். மனைவி பாப்பாயியும் கூட வந்திருந்தாள். மலைமேல் குண்டூர் நாட்டிலிருந்து காலைப் பேருந்தில் இறங்கி வந்தவர்கள்.

எந்தப் பல் என்று கோகிலவாணி கேட்டாள்.

"வலது பக்கமுங்க."

"மேலயா, கீழயாங்கய்யா?"

"அதெப்படிங்க பிரிச்சுச் சொல்றது? அந்தப் பக்கம் பூராத்தானுங்க."

பாப்பாயி குறுக்கிட்டாள். போன வருடம் வேறொரு ஊரில் இதே வலிக்கு மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்களாம். வலி போகவில்லையாம். "புடுங்கின பல்லைக் கையில குடுத்தாங்க டாக்டரம்மா. சொத்தையுமில்ல, ஒண்ணுமில்ல. விதைக்கு எடுத்து வெக்கற மாதிரி இருந்துச்சு."

கோகிலவாணி சிரிக்கவில்லை. அப்படிப் பிடுங்கப்பட்ட நல்ல பற்களைப் பற்றி அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். மேல் பல்லின் வலியும் கீழ்ப் பல்லின் வலியும் ஒரே நரம்பின் கிளைகளில் போவதால் நோயாளியால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டியது மருத்துவர்தான். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தாள். கீழே வலது கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் குளிருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கூசியது. அதில் எப்போதோ சொத்தைக்கு வைத்த பழைய அடைப்பு ஒன்று இருந்தது. எக்ஸ்ரேயில் வேர் சுத்தமாகத் தெரிந்தது.

கெட்டியாக என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். கரும்பு, எலும்பு, முறுக்கு, பாக்கு என்று வரிசையாகச் சொல்லிக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க. களி, கஞ்சி, மரவள்ளிக் கெழங்கு. பாக்குப் பழக்கமே இல்லீங்க." மாணிக்கம் பொய் சொல்கிறவர் இல்லை. பாப்பாயியும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அடைப்பு ஓரத்தில் கசிகிறது, அதுதான் கூசுகிறது என்று கோகிலவாணி முடிவு செய்தாள். பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்தாள். நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, மேடு விழுந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்து அனுப்பினாள்.

பன்னிரண்டு நாளில் திரும்பி வந்தார்கள். வலி அப்படியே இருந்தது. இந்தத் தடவை மாணிக்கம் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"இதையும் புடுங்கிப்போடுங்க டாக்டரம்மா. மொளகு காயப்போட்டாச்சு. யாவாரி வர்ற நேரம். வந்து வந்து போக முடியாதுங்க."

"இதுவும் போச்சுன்னா வலது பக்கம் மெல்லறதுக்கே பல்லிருக்காதுங்கய்யா. நோவு எதுலன்னு தெரியாம நான் புடுங்க மாட்டேன்."

பாப்பாயி அதற்குள் ஒரு துணி முடிப்பை மேசைமேல் வைத்தாள். இந்த வருடத்து முதல் மிளகு. கோகிலவாணி வாங்கிக்கொண்டு, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பேச்சுக்குக் கேட்டாள்.

அந்தக் கேள்வி மாணிக்கத்துக்குப் பிடிக்கவில்லை. முடிப்பை அவிழ்த்தார், ஒரு மிளகை எடுத்தார், வலது கடைவாயில் போட்டு ஒரே கடி. அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி டக்கென்று உடைந்தது. "கேட்டீங்களா? ஈரமிருந்தா இந்தச் சத்தம்…" என்று தொடங்கியவர் வாயைத் திறந்த அதே நொடியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு மிளகைக் காகிதத்தில் துப்பினார்.

"தினம் இப்படிக் கடிப்பீங்களா?"

"தினமுன்னு இல்லீங்க. மொளகு காயறப்பத்தான். தார்ப்பாய்க்கு நாலு மூலையும் நடுவும் பாக்கோணும்."

பாப்பாயி மிச்சத்தைச் சொன்னாள். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். யாவாரி வேல்முருகன் இவர் கடித்துச் சொன்னால்தான் மூட்டை கட்டுவான். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கடிக்க வேண்டிவரும். முப்பது வருடமாகப் பெரும்பாலும் அதே பக்கம், அதே பல்.

"ஏனுங்கய்யா, அன்னைக்கு கெட்டியா ஒண்ணும் கடிக்கறதில்லைன்னீங்க?"

மாணிக்கம் உண்மையாகவே விளங்காமல் பார்த்தார். "நீங்க திங்கறதைத்தானுங்க கேட்டீங்க? இதைத் துப்பிப்போடுவேனுங்க."

கோகிலவாணி ஒரு சின்னப் பிளாஸ்டிக் குச்சியைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் தனித்தனியாக வைத்துக் கடித்து, பிறகு விடச் சொன்னாள். மூன்று முனையில் ஒன்றுமில்லை. பின்பக்கம் நாக்கை ஒட்டிய முனையில், விடும்போது மாணிக்கம் துள்ளினார். தான் வைத்த அடைப்பை அவளே எடுத்துவிட்டு நீலச் சாயம் தடவிக் கழுவினாள். குழியின் குறுக்கே தலைமுடி போல ஒரு கோடு நின்றது. கண்ணாடியில் இருவருக்கும் காட்டினாள்.

பல்லில் விரிசல் விழுந்திருக்கிறது, இன்னும் வேர்வரை போகவில்லை என்றாள். பல்லைச் சுற்றிலும் ஒரு வளையம் மாட்டி இறுக்கினாள். இரண்டு வாரத்தில் வலி நின்றால் மேலே கேப் போடலாம். நிற்காவிட்டால் வேர் சிகிச்சை. அதற்குள் இன்னொரு மிளகு கடித்து, கோடு கீழே இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

"அப்ப இடப்பக்கம் கடிக்கட்டுங்களா?"

"அங்கயும் ரெண்டு பல்லுல கோடு ஆரம்பிச்சிருக்கு. எந்தப் பக்கமும் வேண்டாங்கய்யா."

"நான் பாத்துக்கறேன் டாக்டரம்மா," என்றாள் பாப்பாயி.

"நீங்களும் கடிக்கக் கூடாதும்மா."

ஒன்பதாம் நாள் வேல்முருகன் வண்டியோடு வந்தான். தார்ப்பாயின் பக்கத்தில் குந்தி, வழக்கம்போல மாணிக்கத்தின் வாயைப் பார்த்தான். மாணிக்கம் நடுவிலிருந்து ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டுவிட்டார். வளையம் நாக்கில் பட்டது. மிளகை இப்படியும் அப்படியும் உருட்டினார். வீட்டு வாசலில் நின்று பாப்பாயி பார்த்துக்கொண்டிருந்தாள். மாணிக்கம் மிளகை உள்ளங்கையில் எடுத்துவிட்டார்.

"என்னண்ணா, காஞ்சிருச்சா?"

"தெரியலப்பா."

முப்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவரிடமிருந்து வேல்முருகன் கேட்டதில்லை. தானே ஒன்றைக் கடித்துப் பார்த்தான். காய்ந்த மாதிரியும் இருந்தது, காயாத மாதிரியும் இருந்தது. கல்லில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். கல் சத்தத்தில் மிளகுச் சத்தம் கேட்கவில்லை.

"ரெண்டு நாள் வெயில் சேத்திக் காயவெச்சுக்கறேன்," என்றார் மாணிக்கம். "காஞ்சது கெட்டுப்போகாது. வெள்ளிக்கெழமை வா." வேல்முருகன் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போனான். வெள்ளிக்கிழமை வந்து ஏற்றிப்போனான்.

இரண்டு வாரம் கழித்து கோகிலவாணி அதே குச்சியை அதே முனையில் வைத்தாள். மாணிக்கம் கடித்தார், விட்டார். மறுபடி கடித்தார், விட்டார். கன்னத்துக்குக் கை போகவில்லை. அன்றே பல்லைச் செதுக்கி அளவெடுத்தாள். அடுத்த வாரம் கேப் பொருந்தியது.

"மொளகு?" என்று கேட்டாள்.

மாணிக்கம் பாப்பாயியைப் பார்த்தார்.

"வாயில போடறாருங்க, உருட்டறாரு, எடுத்துடறாரு," என்றாள் பாப்பாயி. "எல்லாத்துக்கும் ரெண்டு வெயில் சேத்திச் சொல்லிடறாரு. ஊரே காத்துக் கெடக்குது."