குணசுந்தரி கண்டெடுத்த ஆரிகால்சைட்

1

இந்தக் கதையை என் மனைவியிடமிருந்து எடுத்தேன். கேட்டு எடுக்கவில்லை. ஞாயிறு பதிப்புக்குச் சிரிப்புக் கதை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் நச்சரித்தார். என் கையில் வேறு சரக்கு இல்லை. வீட்டிலேயே கல் பொறுக்குகிற பெண் ஒருத்தி இருக்கும்போது வெளியே எதற்கு அலைவது?

அவள் பெயரைக் குணசுந்தரி என்று மாற்றினேன். என்னைப் புவனேசன் ஆக்கி, தலையில் கொஞ்சம் முடியும் வைத்துவிட்டேன்.

மெர்போக்கில் காலைப் பனி மெல்ல விலகும் வேளையில்... (வேண்டாம். அவள் போனது மண்டையைப் பிளக்கிற மதிய வெயிலில்.)

குணசுந்தரிக்குக் கல் என்றால் உயிர், புருஷன் என்றால்... (இதை அவள் படித்தால் எனக்குச் சோறு கிடைக்காது.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

குணசுந்தரி சுங்கை பட்டாணியில் ஓர் இடைநிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். வீடு பாக்கார் ஆராங்கில். சனிக்கிழமையானால் சுத்தியலும் பழைய செய்தித்தாளுமாகக் காடியை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் மெர்போக் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த கைவிட்ட சுரங்கக் குழியில் அந்தக் கல் கிடைத்தது. துருப்பிடித்த பழுப்புக் கல். ஒரு பக்கத்தில் மட்டும் பூஞ்சை பூத்ததுபோல் வெளிர்நீலத்தில் மெல்லிய ஊசிகள். பினாங்கிலிருந்த கனிமவியல் பேராசிரியர் ஒருவருக்குப் படம் அனுப்பினாள். ஆரிகால்சைட்டாக இருக்கலாம், துத்தநாகமும் செம்பும் சேர்ந்த அபூர்வமான கார்பனேட், இந்தப் பக்கத்தில் யாரும் கண்டெடுத்ததாக அவருக்குத் தெரியவில்லை, வெள்ளிக்கிழமை கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. உறுதியானால் கண்டெடுத்தவர் என்று அவள் பெயர் பதிவில் ஏறும்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்லைப் பஞ்சில் பொதிந்து, பத்திரமான இடம் என்று சாமி மேடையில் வைத்தாள்.

வியாழக்கிழமை மாலை விளக்குத் துலக்குவது புவனேசன் வேலை. (இந்த வீட்டில் நான் செய்கிற ஒரே வேலை.) குணசுந்தரி பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. கல்லைப் பார்த்தான். பாசி பிடித்துக் கிடந்தது. பேராசிரியர் பார்க்கப்போகிற கல் இந்த லட்சணத்திலா போவது? குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் உப்பும் போட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, துடைத்து, புதுப் பஞ்சில் வைத்தான். ஒரு சந்தனப் பொட்டும் இட்டான்.

"ஒன் கல்ல கழுவி வச்சிருக்கேன், பாரு. எவ்ளோ அழுக்குலா! இப்ப எப்படி இருக்கு?"

குணசுந்தரி கைப்பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருக்குங்க."

மறுநாள் பினாங்கு போய்த் திரும்பினாள்.

"என்னா சொன்னாரு?"

"சும்மா கல்லுதானாம்."

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் புவனேசன் இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறான். பொட்டு வைத்த சும்மா கல்லைப் பேராசிரியரிடம் கொண்டுபோன பெண்டாட்டி! அவளும் கூடச் சிரிப்பாள்.

3

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். அடிக்குறிப்பு ஒன்று போட்டால் படித்தவன் எழுதிய மாதிரி இருக்குமே என்று ஆசைப்பட்டு, இன்று காலை கொஞ்சம் தேடிப் படித்தேன்.

(அடிக்குறிப்பு: கார்பனேட் என்று சந்தேகப்பட்டால் ஓரத்தில் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்ப்பார்கள். நுரைத்துக் கரையும். ஆரிகால்சைட் நகம் பட்டாலே உதிர்ந்துவிடும். அமிலத்தில்...)

முடிக்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். புளியும் அமிலம்தானே! அன்று கழுவிய தண்ணீர் லேசாக நீலம் பாரித்திருந்தது. விளக்கின் களிம்பு என்று நினைத்துக் கொட்டிவிட்டேன்.

அவள் இருபது வருடமாக அமிலப் போத்தல்களோடு புழங்குகிறவள். பார்த்தவுடனே தெரிந்திருக்கும். பிறகு எதற்கு அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு பினாங்கு வரை போனாள்? போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று நான் கேட்டிருப்பேன்.

அவள் பெயர் ஏற வேண்டிய இடத்தை நான் தேய்த்துக் கழுவிவிட்டேன். அதையே இரண்டு வருடமாக ஊருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

4

ஒரு முடிவு: புவனேசன் அவள் காலில் விழுகிறான். (சினிமா.)

இன்னொன்று: அதே குழியில் அவளுக்கு வேறொரு கல் கிடைக்கிறது. (குழியைப் போன வருடமே மண் போட்டு மூடிச் செம்பனைக் கன்று நட்டுவிட்டார்கள். பொய் எழுதலாம், இந்த அளவுக்கு வேண்டாம்.)

அல்லது, தெரிந்தது தெரியாததுபோல் இருந்துவிடலாம். அவள் அப்படித்தானே இருக்கிறாள்? ஆனால் அவள் எனக்காக இருந்தாள். நான் இருந்தால் அதுவும் எனக்காகத்தான்.

5

இப்போது கூடத்தில் சிரிப்புச் சத்தம். கோலா கெடாவிலிருந்து அவளுடைய பெரியம்மா மகள் நவமணி, பிள்ளைகளோடு வந்திருக்கிறாள்.

"என்னாங்க," மனைவி கூப்பிடுகிறாள். "எழுதுனது போதும், வாங்க. நவமணிக்கா அந்தக் கல்லு கதைய கேக்குறாங்க. பிள்ளைங்க இன்னும் கேட்டதில்லையாம். நான் சொன்னா சிரிப்பு வராதுலா, நீங்களே வந்து சொல்லுங்க."

எழுந்துவிட்டேன். எல்லோரும் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். அவளும்தான். எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிற சத்தம் கேட்கிறது. நீங்கள்தான் முழுக்கப் படித்தீர்களே, நான் போய் என்ன சொல்லட்டும்?