ஸ்டீவனின் பூட்டு

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் என் எதிரே ஒருவர், உடைந்த பூட்டு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கேட்டேன். பெயர் ஸ்டீவன், கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர். அவர் சொன்னது கொஞ்சம். மீதி என் கைச்சரக்கு.

(அங்கே வழக்கம் இது: மோட்டாரில் கை வைப்பவர் அதன் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். வேறு யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருக்கும் கை போய்விடும்.)

2

கலவைத் தொட்டியைக் குளிர்விக்கும் பம்ப் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. பழுது பார்க்கப் பிரித்த மாற்றுப் பம்பின் சுவிட்சில் ஸ்டீவனின் பூட்டு தொங்குகிறது. ஆளைக் காணோம். போனையும் எடுக்கவில்லை. தொட்டியில் சூடு ஏறிக்கொண்டே போகிறது. ஷிஃப்ட் பொறுப்பாளர் மெர்சி மறுபடியும் அவன் நம்பரைப் போட்டுப் பார்க்கிறாள்.

"ஒடச்சிடுங்க மேடம். தொட்டி வெடிச்சா இங்க ஒருத்தனும் இருக்க மாட்டான்" என்கிறான் ஆபரேட்டர் பரணிதரன்.

"ரூல்னா ரூல்தாம்மா. அவன் வர்ற வரிக்கும் தொடக் கூடாது" என்கிறார் சேஃப்டி பார்க்கும் சாலமோன்.

முதல் வரைவில் பரணிதரன் பேச்சைக் கேட்டேன். பூட்டு உடைந்தது, பம்ப் ஓடியது, உள்ளே ஸ்டீவனின் விரல்

(முடியவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவதில் சாலமோன் பக்கம் சாய்ந்தேன். எல்லோரும் விதியை மதித்து நின்றார்கள், தொட்டியின் மூடி

(இதுவும் வேண்டாம். இருவரும் நல்லவர்கள்தான், பேசுவதும் நியாயம்தான். நின்ற இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லையே என்பதுதான் என் எரிச்சல்.)

3

மெர்சி பம்ப் கொட்டகைக்கு ஓடுகிறாள். "ஸ்டீவன்!" என்று கத்துகிறாள். பம்பை மாட்டி முடித்தாகிவிட்டது. ஆளும் இல்லை, டூல்ஸ் பையும் இல்லை. ஹெல்பர் பச்சையப்பனை அங்கேயே நிறுத்துகிறாள். "யாரையும் கிட்ட உடாத." திரும்பி வந்து, கட்டரைத் தானே எடுத்துப் பூட்டை வெட்டுகிறாள்.

தண்ணீர் ஓடுகிறது. சூடு இறங்குகிறது. எழுதிய எனக்கே அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் போன் அடிக்கிறது.

"அக்கா, பேஜாரா பூடுச்சி! ரயிலேறிட்டேன், சாவி பாக்கெட்லயே கீது!"

மெர்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகின்றன. "வெரலு எல்லாம் இருக்குதாடா?"

"பத்தும் கீதுக்கா. இன்னாத்துக்குக் கேக்குற?"

மறுநாள் அந்தப் பூட்டை அவன் கையிலேயே கொடுத்தாள்.

4

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் வேறொரு சுவிட்சில் இன்னொரு ஃபிட்டர் சின்னதுரையின் பூட்டு. பரணிதரன் கட்டரோடு வந்து நிற்கிறான்.

"அன்னிக்கு நீங்களே ஒடச்சீங்க இல்ல மேடம்?"

மெர்சி என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். அதற்கு முன் அந்த மோட்டார் பக்கம் ஒரு நடை போய், "சின்னதுரை!" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.