கெட்டது என்று எழுதிய ஃப்ளாப்பி

எங்கள் எம்பிராய்டரி மெஷினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒன்பது ஊசி வைத்த பழைய வயர் வழியாக டிசைனை அனுப்பினால்தான் வாங்கிக்கொள்ளும். அந்த வயரைச் செருகும் துளை இப்போது விற்கிற எந்த லேப்டாப்பிலும் கிடையாது. எங்கள் கிழட்டு லேப்டாப்பில் மட்டும்தான் உண்டு. அதனால்தான் அந்தச் சனியனைத் தெருவில் வீசாமல் இத்தனை வருஷம் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

அது இன்று காலை மண்டையைப் போட்டது. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக் மினுக்கென்று துடித்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துச் சட்டைப் பைகள் வெட்டி மேஜை நிறைய அடுக்கியிருந்தேன். எல்லாவற்றிலும் ஆந்தைச் சின்னம் தைத்து நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பள்ளிக்கூடத்து அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அந்த ஒரு பள்ளிக்கூடத்தை நம்பித்தான் எங்கள் கடை ஓடுகிறது.

என் வீட்டுக்காரர் பார்சல் கொடுக்கப் போய்விட்டார். போனையும் மேஜையிலேயே மறந்துவிட்டார். அவசரத்துக்கு அகப்படாமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஒரு சிடியைக் கையில் கொடுத்தார். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்கக்கா. பழைய மெஷினுக்கு இதுதான் தோது. மெஷினுக்கு டிசைன் அனுப்புற சாஃப்ட்வேரும் சேர்த்தே வெச்சிருக்கேன்."

சிடியைப் போட்டேன். லேப்டாப் கொஞ்ச நேரம் கரகரவென்று தொண்டையைச் செருமியது. பிறகு தட்டை வெளியே நீட்டிவிட்டது. உள்ளே தள்ளினேன், மறுபடி நீட்டியது. துடைத்துப் போட்டேன், ஊதிப் போட்டேன், திட்டிக்கொண்டே போட்டேன். அதுவும் நானும் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

மறுபடி கடைக்கு ஓடினேன். பென்டிரைவ் கொடுத்தார். அதைச் செருகி, லேப்டாப் கிளம்பும்போது வரும் நீலத் திரைக்குள் போய், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். எதிலிருந்து கிளம்பட்டும் என்று கேட்கிற இடத்தில் ஹார்ட் டிஸ்க், சிடி, ஃப்ளாப்பி மூன்றும் இருந்தன. பென்டிரைவின் பெயரே இல்லை. அந்த லேப்டாப் பிறந்த காலத்தில் பென்டிரைவை யாரும் மதிக்கவில்லை போலும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஃப்ளாப்பி இருக்காக்கா?" என்றார் கடைக்காரர் போனில். "நம்மகிட்ட ஃப்ளாப்பி எழுதுற டிரைவ் கிடக்கு. ஒரு சின்ன புரோகிராமை அதுல ஏத்தித் தரேன். முதல்ல ஃப்ளாப்பி எந்திரிக்கும், அது பென்டிரைவை எழுப்பிவிடும்."

ஃப்ளாப்பிக்கு எங்களிடம் பஞ்சமில்லை. எல்லா டிசைன்களும் அதில்தான் இருந்தன. லேப்டாப்புக்குள் எதையும் வைக்கக் கூடாது, எப்போது கவிழும் என்று தெரியாது என்பது வீட்டுக்காரர் போட்ட சட்டம். ஆனால் எல்லாம் வாடிக்கையாளர்களின் டிசைன்கள். எதை அழிப்பது? டப்பாவின் அடியில் அவர் கையெழுத்தில் 'கெட்டது' என்று எழுதிய மூன்று கிடந்தன. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் இரண்டையும் டிரைவ் துப்பிவிட்டது. மூன்றாவதைப் போட்டதும் கடைக்காரர் நிமிர்ந்தார்.

"இது நல்லாத்தானேக்கா இருக்கு. ஏதோ ஒரு ஃபைல்கூட இருக்கே. அழிச்சிடவா?"

"கெட்டதுல என்ன தம்பி பெரிய ஃபைல் இருக்கப்போகுது? அழிங்க."

இன்று முழுக்க எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஃப்ளாப்பி எழுந்தது. பென்டிரைவை எழுப்பியது. லினக்ஸ் ஆமை வேகத்தில் ஏறியது. நடுவில் இரண்டு முறை அது நின்றுபோனதும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்ததும் தனிக்கதை. சாயங்காலம் வயரைச் செருகி, பழைய பூ டிசைன் ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். மெஷின் டடடடவென்று தைத்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்போதுதான் வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"ஆந்தையை எங்க வெச்சிருக்கீங்க? சீக்கிரம் எடுங்க" என்றேன்.

"டப்பா அடியில இருக்கும் பாரு. கெட்டதுன்னு எழுதியிருக்கும்."

லேப்டாப்பில் செருகியிருந்த ஃப்ளாப்பியைப் பார்த்தேன். "கெட்டதுன்னா கெட்டதுதானே?"

"அது சும்மா எழுதினது. என் தங்கச்சி இங்க வேலை பார்த்தப்போ நல்ல டிசைனா பார்த்து எடுத்துட்டுப் போறாளோன்னு சந்தேகம். கெட்டதுன்னு எழுதினா தொடமாட்டாள்ல?"

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருப்பேனே" என்றார். சொல்லவில்லை. நான் நடந்ததைச் சொன்னதும் ஊமைக்கோட்டான் மாதிரி நின்றுவிட்டார். அந்த ஆந்தையை இறகு இறகாக வரைந்து, தையல் தையலாகக் கணினியில் ஏற்ற எனக்கு வாரக்கணக்கில் ஆகியிருந்தது. நாளைக் காலைக்குள் இன்னொரு ஆந்தை செய்வது நடக்கிற காரியமில்லை.

என் நாத்தனார் இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை போட்டிருக்கிறாள். போட்ட மாதமே என் டிசைன்கள் அவள் கடைச் சட்டைகளில் பூத்தன. கேட்டதற்கு, அம்மா தலையில் கை வைத்து இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தாள். என் மாமியாரும் நான்தான் பழி போடுகிறேன் என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் பிழைப்பு போய்விடும்.

"அந்த ஸ்கூல் ஆந்தை..." என்று போனில் ஆரம்பித்தேன்.

"இருக்கு அண்ணி."

"உங்கிட்ட எப்படி இருக்கு?"

"நான்தான் காப்பி எடுத்தேன். கெட்டதுன்னு எழுதி வெச்சா எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல பிஸ்கட் டப்பா மேல எலி மருந்துன்னு எழுதி வெச்ச ஆளு உங்க வீட்டுக்காரர். கெட்டதுன்னு பார்த்ததுமே இதுதான் நல்லதுன்னு எடுத்துக்கிட்டேன்."

இத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். அவள் வாயால் இதைக் கேட்கிற அன்று என்னென்ன கேட்க வேண்டும் என்று பாத்திரம் துலக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் வாய் வரை வந்துவிட்டது. மேஜையில் வெறும் சட்டைப் பைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன.

"கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவாம்மா" என்றேன்.

"வரேன் அண்ணி. ஆனா அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் லேப்டாப் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா" என்றேன்.