மாமனார் கட்டிய வீட்டுக்குப் பீலி

கூரை ஓரத்து மழைத்தண்ணீரை வாங்கிக் குழாயில் இறக்கிவிடுகிற தகரப் பீலி மாட்டுவதுதான் என் தொழில். ஊரில் பாதி வீடுகளுக்கு மாட்டிவிட்டேன், என் மாமனார் வீட்டுக்கு மட்டும் மாட்டவில்லை. அவர் கொத்தனார். அந்த வீட்டை அஸ்திவாரத்திலிருந்து தன் கையாலேயே கட்டியவர். மூட்டுவலி வந்து கரண்டியைக் கீழே வைத்த பிறகு, பெருமை என்று அவருக்கு மிச்சமிருப்பது அந்த வீடு ஒன்றுதான். இருக்கட்டும், அதற்காக என்னை வாட்டி எடுக்க வேண்டுமா? எட்டு வருடமாக நான் அவருக்கு 'தகர டப்பா மாப்பிள்ளை'.

சுவரில் ஈரம் ஏறி மாமியார் இருமத் தொடங்கிய பிறகுதான், போனால் போகிறதென்று தலையாட்டினார்.

ஏணியில் ஏறி, தண்ணீர் டியூபைப் பிடித்து மட்டம் பார்த்தேன். தூக்கிவாரிப்போட்டது. கூரையின் இடது முனையைவிட வலது முனை மூன்று இஞ்ச் உயரம். மறுபடியும் பார்த்தேன், அதே மூன்று. அவர் கட்டிய சுவரே மட்டம் தப்பியிருந்தது. பொய் சொல்லக் கூடாது, உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. எட்டு வருடம் பட்டதற்கெல்லாம் ஒரே வார்த்தையில் பதில் கொடுத்துவிடலாம். கீழே பார்த்தேன். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பாவமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

சாக்கடை இருப்பது வலது பக்கம். தண்ணீர் அங்கே போக வேண்டுமானால் பீலி வலது பக்கம் தாழ வேண்டும், கூரையோ அந்தப் பக்கம்தான் ஏறுகிறது. வேறு வழியில்லை, தண்ணீருக்கு ஏற்றபடி மாட்டினேன். இடது முனையில் கூரையை ஒட்டி இருந்த பீலி, வலது முனையில் ஐந்து இஞ்ச் இறங்கித் தொங்கியது. தெருவிலிருந்து பார்த்தால் குடித்துவிட்டு மாட்டியது போல இருந்தது.

மனைவியின் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்ன மச்சான், பீலிக்குத் தூக்கம் வருதா? இப்படிச் சாஞ்சு கிடக்கு."

என் மனைவிக்கு மானம் போய்விட்டது. "ஊருக்கெல்லாம் நேரா மாட்டுறீங்க. எங்கப்பா வீடுன்னா மட்டும் கை கோணுதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வேலையை இதுவரை ஒருத்தர் குறை சொன்னதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கை தவறிடுச்சு. தண்ணி போகும்ல, விடு," என்றேன்.

மாமனார் எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து ஏணியடிக்கு வந்தார்.

"எவ்வளவு மாப்பிள்ளை?"

"என்ன மாமா எவ்வளவு?"

"சுவரு."

மச்சினனின் சிரிப்பு நின்றது.

"அரை இஞ்ச் இருக்கும் மாமா. எல்லா வீட்லயும் இருக்கறதுதான்," என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"மூணு இஞ்ச்," என்றார். "மாப்பிள்ளைக்குக் கை தவறல. எனக்குத்தான் தவறிச்சு."