வானதி தொட்ட வண்டிகள்

ஒரத்தநாடு சாலையில் ராஜராஜனின் பழைய வண்டிக் கொட்டகையில் நின்ற வெள்ளைக் காரின் கதவைத் தொட்டதும், அவனுடைய தங்கை வானதி உயிருள்ள கெண்டைக் குஞ்சுகள் மூன்றை வாந்தி எடுத்தாள். அன்று புதன்கிழமை, காலை பத்தரை மணி. மீன்கள் சிமெண்டுத் தரையில் துள்ளின. பின்னாலேயே ஒரு செம்பு அளவு சாக்கடைத் தண்ணீரும் வந்தது. வானதி லேசில் குமட்டுகிறவள் இல்லை. கால்நடை மருந்தகத்தில் பதினோரு வருடமாகச் சாணத்தையும் சீழையும் கழுவித் தள்ளுகிறவள். பசுவின் வயிற்றிலிருந்து செத்த கன்றை இழுக்கும்போதுகூட மூக்கைப் பொத்தியதில்லை. அவள் கணவன் மதிவாணன் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து, வாடகைக்கு ஓட்டுவதற்காக அந்தக் காரை வாங்குவதாக இருந்தான். "தங்கச்சிக்குன்னு எடுத்து வெச்ச வண்டி மாப்ள, ஒரே ஓனர், டாக்டர் ஓட்டுனது" என்று சொல்லிக்கொண்டிருந்த ராஜராஜன், மீன்களைச் செருப்பால் ஓரம் தள்ளிவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று தங்கையைக் கேட்டான்.

மதிவாணன் மெக்கானிக் அஸாரை வரவழைத்தான். அஸார் மீன்களைப் பார்த்துவிட்டு, அவற்றைத் தாண்டிப் போனான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தான். அடிப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குக் காவிக் கறை. தரைவிரிப்பைத் தூக்கினான், வண்டல். சீட்டுக்கு அடியில் திருகாணிகள் துருவேறிக் கிடந்தன. "வெள்ளத்துல முங்கின வண்டிங்க. அதான் உள்ளார இவ்வளவு சென்ட்டு அடிச்சிருக்காங்க" என்றான். அண்ணன் முகத்தில் வெட்கம் வருகிறதா என்று வானதி பார்த்தாள். "சரி, வேற ஒண்ணு காட்டவா?" என்றான் அவன்.

செய்தி பரவி, அதன்பின் மூன்று வருடம், திருவாரூரிலிருந்தும் தரங்கம்பாடியிலிருந்தும் ஆட்கள் வந்து அவளை வண்டி பார்க்க அழைத்துப்போனார்கள். மீட்டரைத் திருப்பி வைத்த வண்டியைத் தொட்டால் சாலைத் தூசி பிடி பிடியாக வந்தது. முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சத்தியம் செய்த காரின் பிரேக் மிதியில் ரப்பரே தேய்ந்து போயிருந்ததை அதற்கப்புறம்தான் எல்லோரும் பார்த்தார்கள். மோதி நசுங்கியதைப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் கண்ணாடித் தூள். கடற்கரை வண்டிக்கு உப்பு. யோக்கியமான வண்டிக்கு ஏப்பம் மட்டும் வரும். மூன்று வருடத்தில் அது நாலு தடவை நடந்தது. வந்ததையெல்லாம் அவள் கழுவித் தள்ளிவிடுவாள். அடுத்து நடப்பதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அழைத்து வந்தவர்கள், அவள் வாயைத் துடைத்து முடிப்பதற்குள் விற்கிறவனிடம் திரும்பி, உப்புக்கு இவ்வளவு குறை, கண்ணாடிக்கு இவ்வளவு குறை என்று பேசி, அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

நான்காம் வருடம் வைகாசியில் ராஜராஜன் ஒரு வேனை மழலையர் பள்ளித் தாளாளரான கல்யாணம் என்பவருக்கு விற்கப் பேசி முடித்தான். அவர் வேனைப் பார்க்க வருவதற்கு முதல் நாள் தங்கை வீட்டுக்கு வந்து, "நாளைக்குக் கொட்டகைப் பக்கம் வராத வானதி. கூடப்பொறந்தவன் கேக்குறேன்" என்றான். அவள் போனாள். வேனைத் தொட்டாள். இரண்டு கை நிறையக் கண்ணாடித் தூள் வந்தது. கடைசியாக ஒரு பால் பல் வந்தது. அஸார் வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "முன்பக்கம் ஒரு வண்டி, பின்பக்கம் வேற வண்டி. நடுவுல வெட்டி ஒட்டியிருக்குங்க" என்றான். கல்யாணம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து பல்லைப் பார்த்தார். நிமிர்ந்து, "அப்ப இன்னும் எவ்வளவு குறைப்பீங்க?" என்று ராஜராஜனைக் கேட்டார். அவன் ஒரு தொகை சொன்னான். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

பள்ளி திறந்த அன்று வேன் மஞ்சள் பெயின்ட்டில் புறப்பட்டது. வானதி கணவனின் பைக்கில் ஏறிப் பின்னாலேயே போனாள். முதல் நிறுத்தமான வாய்க்கால் மதகில், தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றப்போன நேரத்தில், இறங்கிப்போய் வேனில் கை வைத்தாள். கண்ணாடியும் பல்லும் அவர்கள் காலடியில் விழுந்தன. சாஜிதா என்ற பெண் பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன வயசுப் பிள்ளையோட பல்லு இது, அக்கா?"

"ஆறு இருக்கும்."

சாஜிதா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். மொத்தம் ஏழு நிறுத்தம். ஏழிலும் வானதி கை வைத்தாள், ஏழிலும் வந்தது. கடைசி நிறுத்தத்தில் உதடெல்லாம் கிழிந்து ரத்தம். "போதும் வா" என்று மதிவாணன் அழைத்தபோது, வேன் காலியாகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்யாணம் ஒரு வாரத்தில் புது வேன் வாங்கினார். பழையதை ராஜராஜனே திருப்பி எடுத்துக்கொண்டு, வேறு மாவட்டத்தில் விற்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

தையில் அவன் பொங்கல் சீர் கொண்டுவந்தான். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு புடவை. "ஒரு வேனுக்காக உறவை விட முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே தாம்பாளத்தை நீட்டினான். வானதி இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிய கணத்தில் அவள் வாயிலிருந்து கரிய பழைய என்ஜின் ஆயில் கொட்டத் தொடங்கி, கோலத்தை மூடி, தெருவரை ஓடியது. நிற்க அரைமணி நேரம் ஆனது. ராஜராஜன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனான்.

அடுத்த வருடத்திலிருந்து அவன் உள்ளே வருவதில்லை. சீரை மதில்மேல் வைத்துவிட்டு, ஹார்ன் அடித்துத் தெரியப்படுத்திவிட்டுப் போகிறான். அரிசியைக் காக்கைகள் கொத்துகின்றன, கரும்பைத் தெருமாடு தின்கிறது. அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை.