பகலில் மூடிய திரை

இப்போதெல்லாம் மீன் தொட்டிக்குள் கை விட யாருக்கும் பிடிப்பதில்லை. விளக்கைப் போன் போடுகிறது, உரத்தைப் போன் ஊற்றுகிறது, மீனுக்குப் பசிக்கிறதா என்றுகூடப் போனைத்தான் கேட்கிறார்கள். முழங்கை நனையாதவனெல்லாம் தண்ணீருக்குள் செடி வளர்க்கக் கிளம்பிவிட்டான். நினைத்தாலே ஹார்மனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று பற்றிக்கொண்டு வர வேறு காரணமும் இருந்தது. ஹோர்ன் ஊரில் பேர் வாங்கிய அவருடைய தொட்டியில் பாசி பிடித்துவிட்டது. முன்னால் குட்டையாகத் தொடங்கிப் பின்னால் உயர்ந்துகொண்டே போகும் செடி வரிசையை லைடன் தெரு என்பார்கள். அந்தத் தெரு முழுக்கப் பச்சை முடி முளைத்துக் கிடந்தது. மீன் தொட்டிச் சங்கத்து நடுவர் வீட்டுக்கு வர இன்னும் சில வாரம்தான். தேசியப் போட்டிக்குச் சங்கம் அனுப்புவது ஒரே பெயர், அது எப்போதும் ஹார்மன்தான். இந்த முறை வழுக்கினால் அடுத்த இடத்தில் காத்திருப்பது அதே சங்கத்துச் சிநேகிதர் சீட்ஸின் தொட்டி.

அந்த சீட்ஸே வந்து உட்கார்ந்து, காபியை உறிஞ்சிக்கொண்டு யோசனை சொன்னார்.

"யோவ், பகல்ல சன்னல் திரையை இழுத்து மூடு. வெயில் நேரா தொட்டியில அடிக்குது பாரு."

"இத்தனை வருசமா அடிக்காத வெயிலா?"

"இத்தனை வருசமா வாசல்ல மரம் இருந்துச்சுய்யா. போன குளிர்லதானே நகராட்சிக்காரன் வெட்டிட்டுப் போனான்."

"என் செடி இருட்டுல சாகணும், உன் தொட்டி ஜெயிக்கணும். நல்ல யோசனை! பிஸ்கட்டை வச்சிட்டுக் கிளம்பு."

"குடுத்ததே ஒண்ணு. அதையும் தின்னாச்சு."

ஹார்மன் குடியிருந்த தெருவில் பகலில் யாரும் திரை மூடமாட்டார்கள். மூடினால் வீட்டில் சாவு, இல்லாவிட்டால் மறைக்க வேண்டிய சங்கதி ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஹார்மன் தன் வழியில் இறங்கினார். பாசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி எடுத்தார். தண்ணீரைப் பாதி பாதியாக மாற்றினார். மீன் தீனியைக் குறைத்தார். பாசிக்குச் சாப்பாடு மிஞ்சக் கூடாதென்று மளமளவென வளரும் செடிகளை மூலைக்கு மூலை திணித்தார். பாசி கொஞ்சம் பின்வாங்கும், இரண்டு நாள் வெயிலடித்தால் பழையபடி படரும். செடிகளின் அடி இலைகள் கண்ணாடி மாதிரி வெளுக்க ஆரம்பித்தன. ஒரு நாள் காலையில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, திரையை இழுத்து மூடினார்.

மதியத்துக்குள் மணி அடித்தது. பக்கத்து வீட்டு ட்ரூஸ், கையில் வெள்ளைப் பூங்கொத்தோடு நின்றாள்.

"யாருங்க?" என்றாள் மெல்ல.

"யாரு யாரு?"

"திரை மூடியிருக்கே."

"பாசி."

"பாசியா? எந்த ஊர்க்காரர்?"

"தொட்டியில பிடிச்ச பாசிம்மா! அதைச் சாகடிக்கத்தான் மூடியிருக்கேன். பூவைக் குடு, செத்ததும் வைக்கிறேன்."

பிறகு எதிர்வீட்டுக்காரர் வந்தார். தபால்காரர் குரலைத் தாழ்த்திப் பேசினார். ஹார்மன் ஓர் அட்டையில் 'யாரும் சாகவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, தெருப் பக்கம் பார்க்கச் சன்னலில் மாட்டினார். தெரு சிரித்தது. சிரிக்கட்டும், திரை திறக்கவில்லை. உள்ளே, விளக்கு வெளிச்சத்தில் பாசி சாம்பல் நிறமாகி உதிர்ந்தது. உதிர்ந்ததைத் தொட்டியில் விட்டிருந்த குட்டி இறால்கள் மேய்ந்தன. செடிகளின் நுனியில் சிவப்புக் கொழுந்து விட்டது.

நடுவரம்மாவைச் சங்கத்தின் சார்பில் அழைத்து வந்தவர் சீட்ஸ்தான். அந்த அம்மாள் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"லைடன் தெருன்னா இதுதான் தெரு. ஒரு துளி பாசி இல்ல. தேசியப் போட்டிக்கு உங்க பேருதான் போகும். என்ன செஞ்சீங்க?"

"தண்ணி மாத்தினேன். செடி நட்டேன்."

"அப்புறம்?" என்றார் சீட்ஸ்.

"அப்புறம் ஒண்ணுமில்ல."

நடுவரம்மா சன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "வெயில்தான் வினைன்னு தெரியுது. தேசியப் போட்டி நடுவருங்க வந்து பாக்கற வரைக்கும் திரை மூடியே இருக்கட்டும்."

ஹார்மன் எழுந்து போய் அட்டையைக் கழற்றினார். திரையை ஒரே இழுப்பில் கடைசிவரை ஒதுக்கினார். வெயில் லைடன் தெரு முழுக்க விழுந்தது.

"யோவ், மறுபடி பிடிக்கும்யா!" சீட்ஸ் பதறினார்.

"பிடிக்கட்டும். பிரஷ் இருக்கு, கை இருக்கு. என் வீட்டுல யாரும் சாகல."

கோட்டை மாட்டிக்கொண்டு, வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுத் துறைமுகத்தைப் பார்த்து நடந்தார். சீட்ஸ் சொன்ன திரையாவது, அது பாசியைக் கொல்வதாவது!