கேட்கத் தெரிந்தவள்

"ம்மா, அப்ளிகேஷன்ல, இந்தப் படிப்ப ஏன் படிக்க நெனைக்கிறீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு. இன்னா போடறது?"

புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் ஃபைஜா இப்படிக் கேட்டபோது, ரிஹானா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் ஒரு பெரியவருடைய சர்க்கரை மாத்திரைகளைப் பிரித்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தன. காலைக் கவரில் சூரியன், ராத்திரிக் கவரில் பிறை. எழுத்துத் தெரியாதவர்களுக்கு இப்படிப் படம் போட்டுத் தருவது அவள் வழக்கம். மகளுடைய கேள்விக்கு என்ன பதில் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் ஆட்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்பதைத் தாண்டி, மெடிக்கல் கடை கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்று யாரிடம்தான் சொல்ல முடியும்? பெரியவர் படியிறங்கும்வரை பொறுத்திருந்து மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு நல்லா கேக்கத் தெரியும்னு போடு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்டி. வேற இன்னா இருக்கு எங்கிட்ட?"

"சரி சரி, அதையே இங்கிலீஷ்ல கொஞ்சம் பவுடர் பூசிப் போட்டுர்றேன்" என்று சிரித்துவிட்டு ஃபைஜா வைத்துவிட்டாள்.

அது ஒன்றும் பொய்யில்லை. பாகூர் கடைத்தெருவில் வேறு மெடிக்கல்களும் இருக்கின்றன. ஆனால் மணப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்கூட அவற்றையெல்லாம் தாண்டி இவளிடம்தான் வருவார்கள். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு கண்ணாடி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பிப்பார்கள். மருமகள் பேசாமல் இருப்பது, மகன் குடிப்பது, ராத்திரியில் நெஞ்சு படபடப்பது. ரிஹானா புத்தி சொல்ல மாட்டாள். ஸ்டாக்கை அடுக்கியபடி உம் கொட்டுவாள், கேட்டதை மறக்காமல் அடுத்த முறை அவளாகவே விசாரிப்பாள். நாள் முழுக்க நின்று செய்யும் வேலையில் அந்த நேரம் மட்டும்தான் தன்னுடையது என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துச் சில வருடங்களாகின்றன. இன்னும் இருபது வருடம் இந்த ராக்குகளுக்கு நடுவே மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே நிற்கப் போகிறோமா என்று ஒருநாள் நினைத்தபோது உண்மையிலேயே பயமாக இருந்தது.

கணவன் தமீம் அன்சாரிக்கு இது பிடிபடவில்லை. கொள்முதலும் கணக்கும் அவன் பொறுப்பு. ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் ஃபார்மசி சர்டிபிகேட் ரிஹானாவுடையது. அவள் இல்லாவிட்டால் கடையைத் திறக்க முடியாது. "படிக்கிறேன்ற, செரி. அப்பறம் டிரெயினிங்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போவ. கடைக்கு யாரு? இங்கயே நாள் பூரா ஜனங்க சொல்றதக் கேட்டுனுதான இருக்க, அதுக்கு எதுக்கு ஒரு பட்டம்?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்த்தான் சொன்னான். அதனாலேயே அவளால் சண்டை போட முடியவில்லை. விண்ணப்பம் போட நாளையோடு கடைசித் தேதி. போட்டுவிட்டு அப்புறம் சமாளித்துக்கொள்ளலாம் என்று அம்மாவும் மகளும் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள்.

பக்கத்துக் கடை சாமிக்கண்ணுவுடையது. உரமும் பூச்சிமருந்தும் விற்கிறார். கழனிக்காரர்கள் வாயில் அதுதான் மருந்துக் கடை, இவளுடையது வெறும் மெடிக்கல். புதிதாக வருகிற மாத்திரைக் கம்பெனி ஆட்கள் மருந்துக் கடை எங்கே என்று கேட்டு நேரே சாமிக்கண்ணுவிடம் போய் நிற்பார்கள். புதுச்சேரி டவுனிலிருந்து இவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒருவர் இவளிடமே வந்து நெல்லுக்கு மருந்து கேட்க, இவள் எந்தப் பிள்ளைக்கு, எத்தனை வயது என்று விசாரித்திருக்கிறாள். இன்றுவரை கல்யாண வீடுகளில் அந்தக் கதையை அவளே சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

சூசைநாதன் வந்தது அதே சாயங்காலம்தான். செலியமேட்டுக்காரர், அறுபதை நெருங்குகிறவர். மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரைக்கு வருவார். போன வருடம் மனைவி விஜயராணி இறந்த பிறகு மாத்திரை வாங்க ஐந்து நிமிடம், நிற்பது அரைமணி நேரம் என்று ஆகியிருந்தது. மகன் அன்புராஜ் சேதராப்பட்டில் ஃபேக்டரியில் இருக்கிறான். ஷிப்ட் மாறி மாறி வருவதால் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். அன்றைக்குச் சூசைநாதன் கையிலிருந்த பையைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, வழக்கம்போல் முழங்கையை ஊன்றினார். ரிஹானா போனில் ஃபைஜா அனுப்பிய பாடங்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பையைச் சற்று ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

"மாத்திர எடுக்கட்டாண்ணா?"

"வேணாம்மா. மருந்து வாங்கி வச்சிட்டேன்."

"நல்லதுண்ணா. நேரத்துக்குப் போட்டுக்கங்க."

அவர் சிரித்தார். விஜயராணி போன பிறகு அவர் சிரித்து அவள் பார்த்ததேயில்லை. பையை எடுத்துக்கொண்டு, "வரட்டாம்மா, கடையப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ரிஹானாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. இத்தனை மாதம் நின்று கேட்டதற்குப் பலன் இருக்கிறது என்று நினைத்தாள். வீட்டுக்குப் போனதும் தமீமிடம் அதையே சொன்னாள். "சூசையண்ணன் இன்னைக்கு சிரிச்சாருங்க. நான் ஒண்ணுமே செய்யல, கேட்டேன், அவ்ளோதான்." இந்த முறை தமீம் மறுத்துப் பேசவில்லை.

காலையில் அவள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சாமிக்கண்ணு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ராத்திரி மழை பெய்திருந்ததால் அது தேவையே இல்லை, ஆனாலும் பழக்கம்.

"செலியமேட்டு சூசை நேத்து உங்கிட்டயும் வந்தாரில்ல?" என்றார். "எங்கிட்ட மருந்து வாங்கினு போனாரு. கழனி அறுத்து, நெல்லு ரோட்ல காயுது. இப்ப எதுக்கு மருந்துன்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன், கூட்டத்துல வுட்டுட்டேன்."

பாதி தூக்கிய ஷட்டர் அப்படியே நின்றது. ரிஹானாவுக்கு முதலில் நினைவு வந்தது அந்தப் பைதான். அவள் தன் கையாலேயே ஓரம் தள்ளிய பை. பிறகு அவர் சொன்ன வார்த்தை. சூசைநாதன் மாத்திரையை மாத்திரை என்றுதான் சொல்வார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் மருந்து என்று சொன்னதில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லி, அங்கே மருந்து குடித்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் எது, என்ன என்று ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை. அவளுக்கும் அது தெரியும். நேற்று மட்டும் தெரியாமல் போயிற்று.

"யா அல்லாஹ்" என்றாள். ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வழியெல்லாம் அவள் நல்லதாக ஒன்றுமே நினைக்கவில்லை. எதிரில் ஆட்டோ வந்தால் அதில் அவரைத் தூக்கி வருகிறார்களோ என்று பார்த்தாள். யார் வீட்டு வாசலிலாவது நாலு பேர் நின்றால் வண்டி தானாக மெதுவாயிற்று. அவருக்காகப் பயந்தாளா, தனக்காகப் பயந்தாளா என்று பிரித்துப் பார்க்க முடியாத பயம். நல்லதுண்ணா என்று தான் சொன்ன குரல் காதிலேயே நின்றது.

செலியமேட்டில் அவர் வீட்டுக்கு எதிரே தார் ரோட்டின் ஒரு பாதியில் நெல் கொட்டியிருந்தது. நனைந்த தார்ப்பாயை வேலி மேல் விரித்திருந்தார்கள். சூசைநாதன் வெறுங்காலோடு நெல்லுக்குள் நடந்து துழாவிக்கொண்டிருந்தார். கால் போன இடமெல்லாம் நீளமாகக் கோடு விழுந்திருந்தது. ரிஹானா வண்டியை நிறுத்தி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. முக்காட்டால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இவ்ளோ தூரம்? கட தொறக்கலியா?"

"மாத்திர வாங்காம போயிட்டீங்களேண்ணா. அதான் குடுத்துட்டுப் போலாம்னு..." என்று சொல்லிவிட்டுப் பையைத் துழாவினாள். மாத்திரை எங்கே இருக்கிறது, அவள்தான் எதையும் எடுக்காமல் ஓடி வந்திருக்கிறாளே. அவர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குனிந்து ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். சத்தம் வரவில்லை. "காஞ்சிருந்தா நறுக்குன்னு சொல்லும். இன்னும் ஈரம்" என்று துப்பினார்.

"ண்ணா, நேத்து மருந்துன்னு சொன்னீங்களே."

"சொன்னேம்மா." அவர் கால் நிற்கவில்லை. "உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். சொன்னேன். நீ நல்லதுன்ன. நேரத்துக்குப் போட்டுக்கன்ன. எனக்கே சிரிப்பு வந்துட்டுது. செரி, இந்தப் பொண்ணும் சொல்லிடுச்சேன்னு வந்துட்டேன்."

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

"நான் மாத்திரைன்னு நெனச்சிட்டேண்ணா. போனப் பாத்துனு இருந்தேன். நான் சரியாவே கேக்கல."

"வுடும்மா. ராத்திரி மழ வந்துட்டுது. நெல்லு ரோட்ல கெடக்குது, போட்டுட்டு எப்டிப் போறது? தார்ப்பாய் போத்தி, தண்ணி ஒதுக்கிவுட்டு, அப்டியே விடிஞ்சிட்டுது. இது காஞ்சி மூட்ட கட்டிட்டா அன்பு வந்து ஏத்திக்குவான். அப்பால வேல ஒண்ணுமில்ல."

அதை அவர் சாதாரணமாகச் சொன்னார், சந்தைக்குப் போய்வரும் நேரத்தைச் சொல்வதுபோல. நெல் காயும்வரைதான் அவர் வைத்திருக்கும் கெடு என்று ரிஹானாவுக்குப் புரிந்தது. கேட்கத் தெரியும் என்று மகளிடம் அவ்வளவு பெருமையாகச் சொன்னாளே, அதில் காதால் கேட்பது மட்டும்தான் அவள் பழகியது. வாயால் கேட்க வேண்டியதை அவள் யாரிடமும் கேட்டதேயில்லை. அது அநாகரிகம், கேட்டால் அந்த எண்ணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும் என்றெல்லாம் நினைத்து உம் கொட்டியே ஓட்டியிருக்கிறாள். இப்போதும் நாக்கு பிரஷரைப் பற்றிப் பேசத்தான் துடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"செத்துப்போலாம்னு இருக்கீங்களாண்ணா?"

அவர் கால் நின்றது.

"வூட்டுக்குள்ள போனா பேச்சுக் கொரலே இல்லம்மா" என்றார். "ஒங்கடைக்கு வர அன்னிக்குத்தான் என் கொரல நானே கேக்கறேன். இப்பல்லாம் நீயும் போனப் பாத்துனு உம்முன்னுட்ற."

அந்தப் பை எங்கே என்று மட்டும் கேட்டாள். மாதா படத்துக்குக் கீழே இருப்பதாகச் சொன்னார். உள்ளே போய் அதை எடுத்து வந்து ஸ்கூட்டி சீட்டுக்கடியில் வைத்துப் பூட்டினாள். அவர் தடுக்கவில்லை. "சாமிக்கண்ணு கடையில இன்னும் நெறைய இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அவளுக்கும் அது தெரியும். அன்புராஜின் நம்பரை அவரிடமே வாங்கி, அவர் எதிரிலேயே போன் செய்து, எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். மறுமுனையில் மெஷின் சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம், "தோ கெளம்பிட்டேங்கா, நீங்க அங்கயே இருங்க, போயிடாதீங்க" என்று உடைந்த குரலில் அவன் சொன்னான். சேதராப்பட்டிலிருந்து பைக்கில் வர வேண்டும். மாவட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு.

போனைப் பையில் போடுவதற்குள் தமீம் கூப்பிட்டான்.

"கடையப் பாதியில தொறந்து போட்டுட்டு எங்க போன? செரி, அத வுடு. ஃபைஜா பேசினா. இன்னைக்குத்தான் கடைசி நாளாமே. ராத்திரி பூரா யோசிச்சேன். படி ரிஹானா. கடைய எப்டியோ பாத்துக்கலாம். பணத்த இப்பவே கட்டிர்றேன், சரின்னு ஒரு வார்த்த சொல்லு."

எத்தனை மாதமாக அந்தக் குரலுக்குக் காத்திருந்தாள். இப்போது அது வந்திருக்கிறது. சரி என்று சொன்னால் எந்தத் தைரியத்தில் சொல்வது? வேண்டாம் என்றால், நாளைக்கு இன்னொருவர் கண்ணாடி மேல் முழங்கையை ஊன்றும்போது எந்த முகத்தோடு நிற்பது?

"அப்பறம் சொல்றேங்க."

"அப்பறம்னா எப்ப? சாயந்தரத்தோட மூடிருவாங்களாம்."

"இங்க நெல்லு காயணும்" என்றாள். தமீமுக்கு என்ன புரிந்திருக்கும் என்று தெரியவில்லை. வைத்துவிட்டாள்.

ஏரிப் பக்கம் இருந்த மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியிருந்தது. நல்ல வெயில், நெல் காயப்போடுகிறவர்கள் வேண்டிக்கொள்ளும் வெயில். ரிஹானா அந்த மேகம் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். சூசைநாதன் மறுபடி நடக்க ஆரம்பித்தார். அவளும் அவர் காலடிக் கோட்டை ஒட்டியே காலைத் தேய்த்து நடந்தாள். விஜயராணியக்கா நெல் துழாவ வருவாங்களா என்று கேட்டாள். வருவாள், பாதியில் கால் வலிக்கிறதென்று உட்கார்ந்துவிடுவாள் என்றார். அப்புறம் இன்னொன்று கேட்டாள். அதற்கும் பதில் சொன்னார். ரோடு முனைவரை போய்த் திரும்பினார்கள். உள்ளங்காலில் நெல் சூடாகிக்கொண்டே வந்தது. தூரத்தில் ஒரு பைக் வரும் சத்தம் கேட்டது, அது வேறு யாரோ.

சூசைநாதன் குனிந்து ஒரு நெல்லை எடுத்தார். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு பல்லில் வைத்தார்.

ரிஹானா நடப்பதை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வருகிறதா என்று கேட்டபடி நின்றாள்.